மனுசியின் ஏச்சுக்காகக் கோர்ட்டுக்குப் போனது

எங்கள் வீட்டில் கார் ஓடுறது மனுசிதான். நான் லைசென்ஸ் எடுக்கவில்லை. ஒருக்கால் ரெஸ்ற்றுக்குப் போனேன். பக்கத்தில் இருந்து ரெஸ்ற் பார்த்தவர் தெரு முடியமுன்னமே ஓரமாக நிற்பாட்டச் சொன்னார். தானே மற்றப் பக்கம் வந்து ஏறி, காரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அதோடு விட்டேன். பிறகு மனுசி பழகினா. முதல்தரமே பாஸ். அன்று தொடக்கம் நான் பக்கத்து சீற்.

காலையில் என்னைப் பக்ரறியில் இறக்கிவிட்டுத் தான் பேக்கரி வேலைக்குப் போவா. பின்னேரம் வந்து ஏற்றுவா. வெள்ளிக்கிழமை கோயில். சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் மீன் கடை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கே போனாலும் இரண்டு பேர்தான்.

கார் ஓடும்போது மனுசி ஏசுவா. வீட்டில் அப்படி இல்லை. வேலையிடத்திலும் மெத்தப் பணிவு. ஸ்ரியரிங்கைப் பிடித்தால்தான் வாய் திறக்கும். வெளியே கேட்கக்கூடாது என்று கண்ணாடியை முதலில் மேலே ஏற்றுவா. மெல்லப் போறவரைக் கண்டால், "உவர் பொம்பிளை பாக்கப் போறார் போல. நல்லநேரம் வரட்டும் எண்டு ஊருறார்" என்பா. வெட்டிக்கொண்டு முன்னால் பூருறவனுக்கு, "போ ராசா, போ. உனக்காகத்தானே இந்த ரோட்டைப் போட்டவங்கள்." வழி விட்டவனைக் கும்பிடாத குறை. "ஆர் பெத்த பிள்ளையோ, நல்லாயிருக்கவேணும்" என்பா.

நான் "ம்" என்பேன். அதுக்கும் விழும்.

"நான் ஒருத்தி தொண்டை கிழியக் கத்துறன், இந்தாள் ம் எண்டுது."

இப்படித்தான் எங்கள் காலம் போனது. அதை ஒரு பெரிய விசயமாக நான் நினைக்கவில்லை.

மனுசியின் தம்பி பிறம்ரனில் வீடு வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலை குடிபூரல். மனுசி கொழுக்கட்டை அவித்து, பெரிய ஏதனத்தில் துணி சுற்றி, பின்னுக்கு வைத்தா. ஃபோர் ஓ வண் ஹைவேயில் முன்னால் கார்கள் நின்றன. நாங்களும் நின்றோம். பின்னால் வந்த ட்றக் நிற்கவில்லை.

சத்தம் மட்டும்தான் எனக்கு ஞாபகம். கார் முன்னால் போய் இடித்து நின்றது. எனக்குத் தோளில் பெல்ற் வெட்டின அடையாளம். அவவுக்குக் கழுத்தில் நோ. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தா. கொழுக்கட்டை எல்லாம் கண்ணாடித் துண்டோடு கிடந்தது. "தம்பி பாத்துக்கொண்டு நிக்கப் போறான்" என்றா. அழவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பெல்லாம் சரி என்றார்கள். தம்பி வந்து ஏற்றிக்கொண்டு போனான். மனுசி அன்றைக்குப் பந்தியில் நின்று சோறும் போட்டா. கேட்டவர்களுக்கு, "சின்னத் தட்டு, ஒண்டுமில்லை" என்றா.

இன்சூரன்ஸ் வேறு கார் எடுக்கக் காசு தந்தது. அது வந்து மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே நின்றது. மனுசி எடுக்கவில்லை. முதலில் ஏதோ மணக்குது என்றா. பிறகு சீற் முதுகில் நாரியைக் குத்துது என்றா. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். மனுசி தம்பியின் காரிலும் ஏறவில்லை. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். குடிபூரல் அன்று ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அவன் பெண்சாதி நினைத்தாள். "அக்காவுக்குப் பிறம்ரன் தூரமாப் போட்டுது" என்று அவனும் ஒருநாள் போனில் சொன்னான். மனுசி கேட்டுக்கொண்டிருந்தா. காரணத்தைச் சொல்லவில்லை.

பஸ்ஸிலும் பக்கத்தில் ட்றக் உறுமினால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவா. குசினியில் ஒரு மூடி விழுந்தால் நெஞ்சில் கைவைத்தபடி அப்படியே நிற்பா. பேக்கரி வேலை நின்றது. கதையும் நின்றது. கேட்டால் பதில் வரும். தானாக ஒன்றும் வராது.

இடைக்கிடை, கார் துடைக்கிறன் என்று சொல்லிவிட்டுக் கீழே போவா. பல்கனியில் நின்றால் கார் நிற்கிற இடம் தெரியும். நான் பார்த்தேன். கதவைத் திறந்து ஓடுற சீற்றில் இருப்பா. இரண்டு கையும் ஸ்ரியரிங்கில். கார் ஸ்ராட் ஆகாது. கனநேரம் இருந்துவிட்டு மேலே வருவா. நான் பார்த்ததைச் சொல்லவில்லை.

எங்கள் குடும்ப டொக்ரர் தமிழர். அவர்தான் கண்டுபிடித்தார். மனத்தில் பட்ட அடி என்றார். அதுக்கென்று இருக்கிற டொக்ரரிடம் அனுப்பினார். லோயர் ஒருவரையும் பாருங்கோ என்றார்.

மனுசி விரும்பவில்லை. எங்கள் ஆட்களுக்குள் கேஸ் என்றால் ஒரு சிரிப்பு இருக்கிறது. கழுத்தில் பட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள், கலியாண வீட்டில் கழற்றிவிட்டு ஆடுவார்கள் என்று கதை. "என்னையும் அந்தக் கணக்கில சேர்ப்பினம்" என்றா மனுசி. வேலையும் இல்லாமல் எத்தனை நாள் என்று டொக்ரர் கேட்டபடியால் போனோம்.

லோயர் ஒரு பெண்பிள்ளை. இங்கே பிறந்தது. தமிழ் கொஞ்சம் நொண்டும், ஆனால் நிற்பாட்டாது. மன வேதனைக்கு நட்டஈடு கேட்கலாம் என்றது. காயம் தெரியாத கேஸ் கஷ்டம், வேதனை உண்மை என்று கோர்ட் நம்பவேணும், அதுதான் முழுக் கேஸும் என்றது. பிறகு என்னைப் பார்த்தது. புருசனும் கேட்கலாமாம். மனுசியின் துணை இல்லாமல் போனதுக்கு.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனுசி வீட்டில்தானே இருக்கிறா, எனக்கென்ன நட்டம் என்றேன்.

"அவருக்கு நட்டமில்லைப் பிள்ளை, லாபம்" என்றா மனுசி. "இப்பதான் காதுக்கு ஆறுதல்."

லோயர்ப் பிள்ளை சிரித்தது. மனுசி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

கேஸ் இழுபட்டது. ட்றக்குக்காரரின் இன்சூரன்ஸ், தங்கள் டொக்ரர் ஒருவர் மனுசியைப் பார்க்கவேணும் என்றது. அதுக்கு முதல்நாள் மனுசி குசினிக்குள் போனா. கனநாளுக்குப் பிறகு ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுற்றினா. எனக்குச் சந்தோசமாக இருந்தது. எதுக்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்தநாள் நல்ல சீலை கட்டி, பொட்டு வைத்து, தலையிழுத்து, ரோல்ஸ் பெட்டியோடு வெளிக்கிட்டா. பஸ்ஸில் போனோம். நான் வெளியே இருந்தேன்.

டொக்ரரின் றிப்போட் வந்தபின் லோயர்ப் பிள்ளை எங்களைக் கூப்பிட்டது. மேசையில் கடதாசியை வைத்து வாசித்தது. துப்புரவான உடுப்பு. சிரித்த முகம். சுகமா என்று கேட்க, நல்ல சுகம் என்றா. டொக்ரரின் குடும்பத்தைச் சுகம் விசாரித்தா. வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து தந்தா. பெரிய மன வருத்தம் ஒன்றையும் காணவில்லை.

"அன்ரி, அவர் மற்றப் பக்கத்து டொக்ரர். உங்களுக்கு ஒண்டும் இல்லை எண்டு சொல்ல வந்தவர். அவருக்கு ஏன் ரோல்ஸ் குடுத்தீங்க?"

"முதல்தரம் ஒராளைப் பாக்கப் போறன். வெறுங்கையோடயே போறது?"

"ஹவ் ஆர் யூ எண்டு கேட்டா ஃபைன் எண்டிருக்கிறீங்க."

"வேற என்னத்தைச் சொல்லுறது? தெரியாத மனுசன். அந்தாளுக்கும் ஆயிரம் கவலை இருக்கும்."

பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டது. பிறகு, "எனக்கு ஒரு ரோலும் வரேல்லையே" என்றது. மனுசி உடனே, அடுத்தமுறை கொண்டு வாறன் என்றா. கொண்டுபோயும் குடுத்தா.

இனி எல்லாம் உங்களில்தான் அங்கிள் என்றது பிள்ளை. அன்ரி தன்னைப் பற்றிச் சொல்லமாட்டா, நீங்கள் சொல்லவேணும் என்று என்னைப் பழக்கியது. அது கேட்கும், நான் சொல்லவேணும். மனுசி முந்தி எப்படி? நல்லம். இப்ப எப்படி? பரவாயில்லை. என்ன வித்தியாசம்? வித்தியாசம்தான். பிள்ளை தண்ணி குடித்துவிட்டுத் திரும்பக் கேட்கும். "அங்கிள், ப்ளீஸ். ஒரு முழு வசனம்."

எனக்கு வராது. மனுசியைப் பற்றி ஆட்களுக்கு முன்னால் கதைத்துப் பழக்கமில்லை. எங்கள் அப்பா கதைத்ததில்லை. நான் கண்ட ஒருவரும் கதைத்ததில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் மனுசி யன்னல் பக்கம் இருக்காமல் உள்பக்கம் இருந்தா. இப்போது அப்படித்தான். மெல்லச் சொன்னா.

"இஞ்சருங்கோ. கேஸை விடுவம்."

"ஏன்?"

"அந்த டொக்ரர் எழுதினது சரியோ எண்டும் இருக்கு. எனக்கே விளங்கேல்லை. எலும்பு முறியேல்லை, ரத்தம் வரேல்லை. சும்மா செல்லம் கொண்டாடுறனோ எண்டு நினைக்கிறன்."

நான் வெளியே பார்த்தேன். மற்றவர்கள் நம்பாததைத்தான் நான் இவ்வளவு நாளும் யோசித்தேன். அவவே தன்னை நம்பாமல் இருக்கிறா என்று தெரியாது. "இல்லை, விடுறேல்லை" என்றேன்.

கோர்ட் டவுன்ரவுனில். பஸ்ஸும் சப்வேயும். சப்வேக்குள் மனுசி கண்ணை மூடிக்கொண்டு என் ஜக்கெற் கையைப் பிடித்துக்கொண்டு வந்தா. கோர்ட்டில் ஜூரி இல்லை. ஜட்ஜ் மட்டும். வயதான மனுசன், தானே எழுதிக்கொண்டிருந்தார்.

மனுசிதான் முதலில் சாட்சி சொல்ல ஏறினா. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா. பயமா என்று கேட்டால் கொஞ்சம் என்றா. கவலையா என்று கேட்டால், எல்லாருக்கும் உள்ளதுதானே என்றா. எதிர்ப்பக்க லோயர் நல்ல மரியாதையான ஆள். உங்கள் சமையல் நல்லம் என்று டொக்ரர் எழுதியிருக்கிறார் என்றார். மனுசி தாங்ஸ் என்றா. எங்கள் லோயர்ப் பிள்ளை கீழே குனிந்து பேனையைத் தேடியது. பேனை கையில்தான் இருந்தது.

பிறகு நான்.

மனுசியில் என்ன மாற்றம் என்று எங்கள் பிள்ளை கேட்டது. பழக்கின கேள்விதான். பழக்கின பதில் ஒன்றும் வாயில் இல்லை. மனுசி முன்வரிசையில் கையைக் கோர்த்துக்கொண்டு இருந்தா. நான் ஜட்ஜைப் பார்த்தேன்.

"ஏச்சு நிண்டிட்டுது" என்றேன்.

மொழிபெயர்க்கிற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. திரும்பச் சொல்லச் சொன்னா. சொன்னேன். கார் ஓடேக்க ரோட்டில போற எல்லாரையும் ஏசுவா, இப்ப ஒருத்தரையும் ஏசிறேல்லை. ஜட்ஜ் எழுதுறதை விட்டார். எப்படி ஏசுவா, ஒரு உதாரணம் சொல்லலாமா என்று அவரே கேட்டார்.

பொம்பிளை பார்க்கப் போறவரைச் சொன்னேன். ராசாவுக்குப் போட்ட ரோட்டைச் சொன்னேன். அந்த அம்மா அதை இங்கிலீசில் சொல்லிக்கொண்டு வரேக்க அவவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்தார். நான் நிற்பாட்டவில்லை. ஒருக்கால் தொடங்கினபடியால் வந்துகொண்டே இருந்தது. என்னைச் சொல்லுறதையும் சொன்னேன். வேலை முடிந்து பக்ரறி வாசலில் நிற்கேக்க, அந்த ஏச்சைக் கேட்கலாம் என்றுதான் நான் நிற்கிறது என்றும் சொன்னேன். அப்படி ஒரு வசனம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

கார் நிற்கிற இடத்தையும் சொன்னேன்.

"கார் துடைக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போவா. துணி கொண்டு போறேல்லை. ஓடுற சீற்றில ஸ்ரியரிங்கைப் பிடிச்சபடி இருப்பா. மழைக்கும் இருப்பா, சினோ கொட்டேக்கையும் இருப்பா. ஸ்ராட் பண்ணமாட்டா. நான் பல்கனியில நிண்டு பாப்பன். அவ கதவைத் திறந்து இறங்க, நான் போய்க் கேத்திலைப் போடுவன். மேல வரேக்க தேத்தண்ணி இருக்கும். தற்செயலாப் போட்டது எண்டு அவ நினைக்கிறா."

மனுசி பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

எதிர்ப்பக்க லோயர் எழும்பினார். ரோல்ஸைப் பற்றிக் கேட்டார். மனம் உடைந்த ஒருவர் டொக்ரருக்குச் சமைத்துக்கொண்டு போவாரா என்றார்.

"செத்த வீட்டுக்கும் தேத்தண்ணிப் போத்தலோடதான் போவா" என்றேன். "சந்தோசத்தில கொண்டு போறேல்லை."

அவர் கடதாசியைத் திருப்பினார். இந்தக் கார்க் கதையை டொக்ரருக்குச் சொன்னீர்களா? இல்லை. உங்கள் லோயருக்கு? இல்லை. மனுசியிடமாவது கேட்டீர்களா? இல்லை. எங்கள் பிள்ளையைப் பார்த்தேன். அது வாயைத் திறந்தபடி இருந்தது.

"அப்படியானால் இன்றைக்கு மட்டும் ஏன் சொல்லுறீர்கள்?"

அது நியாயமான கேள்வி. அவரில் எனக்குக் கோபமில்லை.

"அவ எனக்குச் சொல்லாததை நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றேன். "ஆனா அவ இப்ப தன்னையே நம்புறா இல்லை. அதுதான் சொல்லுறன்."

அவர் தன் கதிரையில் இருந்துவிட்டார்.

இடைவேளையில் வெளியே வந்தோம். நீளமான ஒரு வாங்கு. மனுசி அதன் ஓரத் தொங்கலில் இருந்தா. நான் பக்கத்தில் இருந்தேன். ஆட்கள் சப்பாத்துச் சத்தத்தோடு போய்வந்தார்கள்.

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"முதல்நாளே பாத்தனான்."

தன் உள்ளங்கையைப் பார்த்தா.

"அப்ப இது செல்லமில்லை. எனக்கு வருத்தம்தான், என்ன?"

"ஓம். உமக்கு வருத்தம்தான்."

அப்போதுதான் அழுதா. விபத்து நடந்த நாளிலிருந்து நான் காணாத அழுகை. சத்தம் போட்டு. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோயர்ப் பிள்ளை ஓடிவந்து, தண்ணிப் போத்தலை நீட்டிக்கொண்டு, என்ன செய்யிறது என்று தெரியாமல் நின்றது. பிறகு அதுவும் மனுசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டது. நான் என் கைலேஞ்சியைக் குடுத்தேன். அது அவ்வளவு துப்புரவில்லை. "உந்த லேஞ்சியைத் தோய்க்கப் போடச் சொன்னனான்" என்று அழுதுகொண்டே சொன்னா. அதிலேயே முகம் துடைத்தா.

தீர்ப்பு வரக் கனகாலம் எடுத்தது. ஒரு பின்னேரம் லோயர்ப் பிள்ளை போன் எடுத்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். வென்றுவிட்டோம் என்றது. கேட்டதிலும் குறைவுதான். எனக்கும் தனியாக ஏதோ போட்டிருக்கிறார்களாம். மனுசி அதொன்றையும் விசாரிக்கவில்லை.

"அந்த ஜட்ஜ் நம்பினவரோ?" என்று கேட்டா.

பிள்ளை இங்கிலீசில் ஒரு பந்தியை வாசித்தது. பிறகு மெல்ல மெல்லத் தமிழில் சொன்னது. இவ பட்டதைக் கூட்டிச் சொல்ல இல்லை, குறைச்சுத்தான் சொன்னவ. இவவின்ர வேதனை உண்மையானது. நான் அதை ஏற்றுக்கொள்ளுறன்.

"திருப்பி வாசி பிள்ளை" என்றா.

வாசித்தது. மனுசி தாங்ஸ் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னா. போனை வைத்தா. கொஞ்சம் யோசித்தா. திரும்ப எடுத்து, ஸ்பீக்கரிலேயே தம்பிக்கு அடித்தா.

அவன் வழமைபோல, என்னக்கா அதிசயமா என்று தொடங்கினான். மனுசி அவனைக் கதைக்க விடவில்லை.

"தம்பி, நான் உன்ர வீட்டுக்கு வாறேல்லை எண்டு உனக்கு மனவருத்தம். உன்ர பெண்சாதிக்கும் மனவருத்தம். நீங்கள் ஒரு குறையும் வைக்கேல்லை. எனக்குப் பயமடா. காரில ஏறப் பயம். எனக்குச் சுகமில்லை. கேள், நான் சொல்லுறன்."

நான் ஸ்பீக்கரை நிற்பாட்டி, போனை அவவின் கையில் குடுத்தேன். ரீவியையும் நிற்பாட்டினேன். நான் இருந்தால் சுருக்கிச் சொல்லுவா. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையை வீசி வீசிக் கதைத்துக்கொண்டிருந்தா. என்ன சொல்லுறா என்று கேட்கவில்லை. கீழே லைற்றுகள் பத்தத் தொடங்கின. குளிரத்தான் செய்தது. அவ முடிக்கட்டும் என்று நின்றேன்.